பதினேழாம் எண் ரெக்கார்டர்

பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தம்ளரில் வாய் வைத்து நீங்கள் கடைசியாகத் தண்ணீர் குடித்தது எப்போது? உணவு விடுதியைக் கேட்கவில்லை. அங்கே நமக்கு முன்னால் குடித்தது யாரென்று தெரியாது. தெரியாததால்தான் குடிக்கிறோம். ஆளைத் தெரிந்து, அவர் எந்தத் தெரு, என்ன தொழில் என்று தெரிந்து, அதற்குப் பிறகும் உதடு படக் குடித்தது எப்போது?

நிதானமாக யோசியுங்கள். அதற்குள் எஸ்தரின் கதையைச் சொல்லிவிடலாம்.

எஸ்தர் பகுதிநேர இசை ஆசிரியை. வயது நாற்பத்து மூன்று. வீடு ஆதம்பாக்கத்தில். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஸ்கூட்டரில் வேளச்சேரி நிலையம் போய், பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கி நடப்பார். மாட வீதியிலிருந்து கடலைப் பார்த்து நடந்தால் பத்து நிமிடத்தில் அவருடைய பள்ளி. செவ்வாயும் வியாழனும் தி.நகரில் ஒரு துணிக்கடையின் மாடியில் கீபோர்டு வகுப்பு எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழு. கணவர் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு இசையில் ஆர்வம் இல்லை. அதைப் பற்றி எஸ்தருக்கு வருத்தமும் இல்லை.

ரெக்கார்டர் வாசிக்க எஸ்தருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அச்சகத்தில் வேலை பார்த்த அப்பா ராபர்ட் ஒரு நாள் திருவல்லிக்கேணி நடைபாதையில் அதை வாங்கிவந்தார். கூடவே ஒரு கிழிந்த பயிற்சிப் புத்தகம். எஸ்தருக்கு அப்போது பதினாறு வயது. புத்தகத்தின் கைப்படத்தைப் பார்த்துப் பார்த்து வாசித்தார். எல்லாச் சுரமும் வந்தது, கடைசிச் சுரம் மட்டும் வரவில்லை. பதினோரு மாதம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. படத்தில் இடது கை மேலே, வலது கை கீழே. எஸ்தர் வலது கையை மேலே வைத்திருந்தார். கடைசி ஓட்டை வலது சுண்டுவிரலுக்கென்று ஒதுங்கி இருக்கும். இடது சுண்டுவிரலுக்கு எட்டாது. படம் சரியாகத்தான் இருந்தது. நல்ல காரியத்தில் இடது கை முன்னால் வரக்கூடாது என்று பிறந்ததிலிருந்து கேட்ட மூளை, படத்தைத் தானே திருத்திப் படித்துவிட்டது.

“ஒரு வருஷம் ரொம்ப ஒழுங்கா, ரொம்பத் தப்பா வாசிச்சேன்” என்பார் எஸ்தர்.

அவர் வேலை செய்யும் பள்ளியில் ஒரே சுற்றுச்சுவருக்குள் இரண்டு பள்ளிகள் நடக்கின்றன. முன்கட்டடத்தில் ஆங்கில வழி, கட்டணம் உண்டு. பின்கட்டடத்தில் தமிழ் வழி; கட்டணம் கிடையாது, ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது. முன்கட்டடத்துப் பிள்ளைகள் காரிலும் வேனிலும் வந்து இறங்குவார்கள். பின்கட்டடத்துப் பிள்ளைகள் கடற்கரைக் குப்பங்களிலிருந்து நடந்து வருவார்கள். சீருடை ஒன்று. மணி ஒன்று. குடிதண்ணீர்க் குழாய் மட்டும் இரண்டு. கேட்டால், கட்டடம் இரண்டு இருந்தால் குழாயும் இரண்டு இருக்காதா என்பார்கள்.

சென்ற ஆண்டு ஜூலையில் பழைய மாணவர் சங்கம் நாற்பது பிளாஸ்டிக் ரெக்கார்டர்களை அன்பளிப்பாகக் கொடுத்தது. ரெக்கார்டர் என்பது ஒரு முழத்துக்கும் குறைவான குழல். புல்லாங்குழலைப் போலப் பக்கவாட்டில் பிடிக்காமல், விசிலைப் போல நுனியை வாயில் வைத்து நேராக ஊத வேண்டும். பிள்ளைகள் அன்றைக்கே அதற்குப் பீப்பி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எஸ்தர் ஒவ்வொன்றிலும் எண் எழுதினார். திங்கட்கிழமை நான்காம் வகுப்பு ஆங்கில வழி ‘ஏ’ பிரிவு. புதன்கிழமை தமிழ் வழியில் மூன்றாம், நான்காம் வகுப்புகள் சேர்ந்து. மொத்தமே முப்பத்தொரு பிள்ளைகள்தான். வெள்ளிக்கிழமை ஆங்கில வழி ‘பி’ பிரிவு. வகுப்பு முடிந்ததும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, பால்புட்டி கழுவும் பிரஷ்ஷால் உள்ளே தேய்த்து, அலசி, ஊதும் முனையை ஸ்பிரிட்டில் துடைப்பார். தொற்று உண்மை, எச்சிலில் கிருமி இருக்கலாம் என்பதும் உண்மை. சோப்பு அதைக் கழுவிவிடும் என்பதும் அதே அளவுக்கு உண்மை. குழலுக்குள் தேங்கும் தண்ணீரில் பெரும்பகுதி எச்சில்கூட இல்லை, மூச்சின் ஈரம் குளிர்ந்து படிவது.

முதல் திங்கட்கிழமை ‘ஏ’ பிரிவுக்குக் குழல்களைக் கொடுத்து, “கண்ணாடியில ஆவி படியற மாதிரி மெதுவா ஊதுங்க” என்றார்.

முப்பத்தெட்டுப் பேரும் ஊதினார்கள். ஒரு சத்தமும் இல்லை. கன்னங்கள் மட்டும் உப்பின. எஸ்தர் நடந்து போய்ப் பார்த்தார். அத்தனை பேரும் குழலை உதட்டில் படாமல் ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, காற்றைக் குறி பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். சொம்பை அண்ணாந்து குடிக்கப் பழகிய பிள்ளைகள். பொதுப் பொருளில் வாய் வைக்கக்கூடாது.

“வாயில வைங்கப்பா.”

“எச்சி ஆயிடும் மிஸ்” என்றது ஒரு குரல், எஸ்தருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பரிதாபத்துடன்.

புதன்கிழமை பின்கட்டடத்துப் பிள்ளைகளும் அதையே செய்தார்கள். அதே ஓர் அங்குலம். அதே உப்பிய கன்னம். “எச்சி பண்ணா எங்கம்மா தோலை உரிச்சிரும் மிஸ்” என்றாள் ஜான்சி என்ற நான்காம் வகுப்புச் சிறுமி. முன்கட்டடமும் பின்கட்டடமும் ஒன்றுபோலச் செய்த முதல் காரியம் அது. பயிற்சிப் புத்தகங்கள் எதிலும் இதற்கு ஒரு பாடம் இல்லை. எஸ்தரே ஒன்று உண்டாக்கினார். வாளியை வகுப்புக்கே தூக்கிவந்து, பிள்ளைகள் கண் முன்னால் ஒரு குழலை ஊதினார், கழுவினார், துடைத்தார், மறுபடி ஊதினார். “எச்சி எங்கே போச்சு?” என்றார். “வாளிக்கு!” என்று கத்தினார்கள். பிறகு ஊதினார்கள். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியை ஓடிவந்தார்.

எச்சிலைத் தாண்டியதும் இடது கை வந்தது. முதல் மூன்று சுரத்துக்கு இடது கை விரல்கள் மட்டும் போதும். “அந்தக் கை கழுவுற கை மிஸ்” என்று சிரித்தார்கள். எஸ்தர் தன் பதினோரு மாதக் கதையைச் சொன்னார். நவம்பருக்குள் மூன்று வகுப்பும் ஐந்து சுரத்தில் இரண்டு மெட்டு வாசித்தன. பின்கட்டடத்துப் பிள்ளைகள் தாளத்தில் ஒரு படி மேலே இருந்தார்கள் என்று எஸ்தர் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். எஸ்தர் எதையும் மிகைப்படுத்தி எழுதுகிறவர் அல்ல.

எண்களால் ஒரு புது உறவும் உண்டாயிற்று. ஒரே எண்ணை வாசிக்கும் மூன்று வகுப்புப் பிள்ளைகள் விளையாட்டு நேரத்தில் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். பதினேழாம் எண் ஜான்சிக்கு. ‘ஏ’ பிரிவில் பதினேழாம் எண்ணை வாசித்த சிறுமி ஜனவரியில் ஒரு நாள் அடையாறில் உள்ள தன் வீட்டில், “நானும் தமிழ் மீடியம் ஜான்சியும் பீப்பி சிஸ்டர்ஸ்” என்றாள்.

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் நந்தகுமார். கணினி நிறுவனம் ஒன்றில் மேலாளர். அன்றைக்கே ‘ஏ’ பிரிவுப் பெற்றோரின் வாட்ஸப் குழுவில் எழுதினார். நான்கு நாளில் மனு தயார். ‘சுகாதாரத்தை முன்னிட்டு எங்கள் பிள்ளைகளின் கருவிகளைத் தமிழ் வழிப் பிரிவினருடன் பகிரக்கூடாது.’ இருபத்தேழு கையெழுத்து. பாதிப் பேர் கட்டைவிரல் படத்தை அழுத்தியதோடு சரி. அதுவே கையெழுத்தாகக் கணக்கில் வந்தது.

பள்ளித் தாளாளர் வேதாந்தம் எஸ்தரைக் கூப்பிட்டு அனுப்பினார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. குரலை உயர்த்தாதவர்.

“உட்காருங்கோ எஸ்தர். காபி சொல்லட்டுமா?”

“வேண்டாம் சார்.”

மனுவை நகர்த்தினார். எஸ்தர் இரண்டு முறை படித்தார்.

“இதுல பி செக்‌ஷனைப் பத்தி ஒண்ணுமே இல்லையே சார்? அதே பீப்பியைத்தானே அவங்களும் ஊதறாங்க?”

“அது வேற.”

“எப்படி சார் வேற?”

வேதாந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என் வாயைக் கிளறாதீங்கோ. எனக்கு ஒரு பேதமும் கிடையாது. எங்காத்துல வேலை செய்யறவாளே அந்தக் குப்பத்துலேர்ந்துதான் வரா. ஆனா பேரண்ட்ஸ் கேக்கறச்சே நான் பதில் சொல்லணுமோல்லியோ? தமிழ் மீடியத்துக்குக் கைதட்டிப் பாட்டுன்னு வெச்சுண்டுடலாமே? அதுவும் சங்கீதந்தானே?”

அந்த வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு எந்தத் தம்ளரில் காபி என்று எஸ்தர் கேட்கவில்லை. பகுதிநேர ஆசிரியைகள் அதையெல்லாம் கேட்பதில்லை. “பெற்றோரை ஒரு தடவை கூப்பிடுங்க சார். நான் பேசறேன்” என்றார். “ரெண்டு மீடியத்தையும்.”

சனிக்கிழமை காலை முன்கட்டடத்து அரங்கில் கூட்டம். ‘ஏ’ பிரிவுப் பெற்றோர் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். பின்கட்டடத்துக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. எஸ்தர் பிள்ளைகளிடம் சொல்லியனுப்பியிருந்தார். வந்தவர் ஒருவர்தான், ஜான்சியின் அம்மா தேசம்மா. காலை மீன் வியாபாரத்தை முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, வேறு புடவை கட்டி, பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்த அரங்கில் இருந்த வேறு யாருக்கும், போகுமுன் இரண்டாவது தடவை குளிக்க வேண்டும் என்று தோன்றியிருக்காது. தேசம்மா பின்வரிசை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

நந்தகுமார் எழுந்தார். “நான் யாரையும் தப்பா சொல்லலை. ஹைஜீன்னு ஒண்ணு இருக்கு. வேற ஒரு குழந்தை ஊதினதை என் பொண்ணு வாயில வைக்கணுமா?”

“வாரம் முழுக்க அப்படித்தான் சார் நடக்குது” என்றார் எஸ்தர். “ஜான்சி புதன்கிழமை ஊதறா. வெள்ளிக்கிழமை பி செக்‌ஷன் ஊதுது. அதுக்கப்புறம் திங்கட்கிழமைதான் உங்க பொண்ணு. நடுவுல ரெண்டு தடவை கழுவறேன். உங்க பொண்ணு ஊதின பிறகு அடுத்து வாயில வைக்கறது ஜான்சிதான்.”

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

“அப்போ என் பொண்ணுதான் இவங்க எச்சியை வாயில வெச்சிகினு கீது” என்றார் தேசம்மா. “நான் இன்னா மனுவா போட்டேன்?”

யாரோ சிரித்தார்கள். வேதாந்தம், “ஒருத்தர் ஒருத்தரா பேசலாம்” என்றார்.

“மேடம், ஒரு வாடை வருது” என்றார் நந்தகுமார், தேசம்மாவின் பக்கம் திரும்பாமல். “என் பொண்ணே சொல்றா. மீன் வாடை. அதை மறுப்பீங்களா?”

எஸ்தர் மறுக்கவில்லை. அலமாரியிலிருந்து குழல்கள் இருந்த டப்பாவைக் கொண்டுவரச் செய்தார். “எதுல வருதுன்னு எடுத்துக் காட்டுங்க சார்.”

நந்தகுமார் கையை நீட்டவில்லை. கோமளம் என்ற அம்மாள் எழுந்து வந்தார். மாட வீதியில் வீடு, மனுவில் நான்காவது கையெழுத்து. ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். பத்துப் பன்னிரண்டு ஆனதும் நிறுத்தினார்.

“மீன் வாடை இல்லே. ஈரத்துணியைச் சுருட்டி வெச்சா அடிக்குமே, அது. எல்லாத்துலயும் அதே வாடைதான்.”

“ஆமாம்மா” என்றார் எஸ்தர். “வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஹாலைப் பூட்டிடுவாங்க. காயறதுக்குள்ள டப்பாவுல போட்டு மூட வேண்டியிருக்கு. திங்கட்கிழமை திறந்தா ஊசின வாடை வரத்தான் செய்யும். அது என் தப்பு. காயவைக்க ஒரு ஜன்னல் குடுத்தா சரியாயிடும்.”

“அப்போ மனு வேண்டாம்னு சொல்லலாமா மாமி?” என்று பக்கத்திலிருந்த ஒரு பெண் மெதுவாகக் கேட்டார்.

கோமளம் கையிலிருந்த குழலை டப்பாவில் திரும்ப வைத்தார். “வாடை இல்லேதான். ஆனா மனசு ஒத்துக்கலையே. என்ன பண்றது?”

அன்று அந்த அரங்கில் பேசப்பட்ட ஒரே நேர்மையான வாக்கியம் அது. நுண்ணோக்கியில் கிருமியைக் கண்டு, இன்னதால் இன்ன நோய் என்று நிறுவி நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நம்முடைய தீட்டு அதற்கு முந்தையது. கிருமியைக் கண்டுபிடித்ததும் தீட்டு செத்திருக்க வேண்டும். சாகவில்லை; ‘ஹைஜீன்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு கோட்டு போட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. சோப்பால் போகாத அழுக்கு என்று ஒன்று இருந்தால், அது குழலில் இல்லை.

இவ்வளவு நேரமும் தேசம்மா நந்தகுமாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எழுந்து இரண்டு வரிசை முன்னால் வந்தார்.

“நீ பக்கிரி மவன் நந்து தானே?”

நந்தகுமார் முதல் முறையாகத் தேசம்மாவின் பக்கம் திரும்பினார்.

“இன்னாடா முழிக்கிறே? நான் தேசம்மா. உங்க எதிர் வூடு. பத்தாவது பரீட்சைக்கு எங்க வூட்டு லைட்டுல தானே குந்திகினு படிச்சே? எங்கம்மா ஒரு தட்டுல சோறு போட்டு வெக்கும். நானும் நீயும் உன் தம்பியும் ஒரே தட்டுல துன்னோம். அப்போ எச்சி இல்லியா நைனா?”

“அக்கா” என்றார் நந்தகுமார். ‘மேடம்’ வரவில்லை. “அக்கா, இங்க வேணாம்.”

“இங்க தானேடா மனு போட்டே?”

நந்தகுமாரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அவரைப் புரிந்துகொள்ளவும் வேண்டும். குப்பத்துப் பையன் என்று தெரிந்தால் வகுப்பில் பக்கத்தில் உட்காராமல் நகர்ந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். கல்லூரி விடுதியில் சட்டையை முகர்ந்து பார்த்துச் சிரித்தவர்களைப் பார்த்திருக்கிறார். அந்த வாடையை வைத்து உலகம் ஒருவனை என்ன செய்யும் என்று அங்கிருந்த எல்லாரையும்விட அவருக்குத் தெரியும். அது மகள் பக்கத்தில் வந்துவிடக்கூடாது என்று பயந்தார். புரிகிறது. புரிந்துவிட்டதால் அது நியாயமாகிவிடாது.

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கூட்டம் குழம்பியது. வேதாந்தம் கையைத் தட்டினார். சமரசத் திட்டத்தை அவர் முன்பே யோசித்து வைத்திருந்தார். பழைய நாற்பதும் முன்கட்டடத்துக்கு. பின்கட்டடத்துக்குப் பத்து ரெக்கார்டர் புதிதாக வாங்கப்படும். கலந்துவிடாமல் இருக்க அவற்றில் மஞ்சள் டேப் ஒட்டப்படும்.

“தமிழ் மீடியத்துக்குப் புத்தம் புதுசு” என்றார். கைதட்டல் எழுந்தது. பலருக்கு நிம்மதி. கோமளம்கூடத் தட்டினார்.

தேநீர்க் கடையில் இரண்டு குவளை வைத்திருந்த ஊர்களைப் பற்றிப் படித்து நாம் கொதித்திருக்கிறோம். இரண்டாவது குவளை புதிதாகப் பளபளவென்று இருந்தால் கொதிக்க மாட்டோம் போலிருக்கிறது. முப்பத்தொரு பிள்ளைகளுக்குப் பத்துக் குழல் என்ற கணக்கும் அந்தக் கைதட்டலில் யாருக்கும் உறைக்கவில்லை. ஒருவன் ஊத இருவர் வேடிக்கை பார்க்க வேண்டும்.

பத்தும் வந்தன. டேப்பை எஸ்தரிடம் நீட்டினார்கள். “நான் ஒட்ட மாட்டேன் சார்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வகுப்பு நேரம் முடிந்தது என்று சொல்கிற குரலில் சொன்னார். உதவியாளர் வேலு ஒட்டினார். எஸ்தர் வழக்கம்போல எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊறவைத்தார். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறினால் எந்த டேப்பும் நிற்காது. மஞ்சள் துண்டுகள் மேலே மிதந்தன. அள்ளிக் குப்பையில் போட்டார். புதன்கிழமை முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார், ஜான்சிக்குப் பதினேழு.

வேலு மறுபடி ஒட்டினார். எஸ்தர் மறுபடி கழுவினார். மூன்றாவது வாரம் வேலுவே வந்து வாளிக்குப் பக்கத்தில் நின்றார்.

“மிஸ், நான் ஒட்டிகினே கீறேன், நீங்க கழுவிகினே கீறீங்க. இது எப்போ முடியும்?”

“டேப் தீர்ந்தா முடியும் வேலு.”

“ஆபீஸ்ல ஒரு பெட்டி கீது மிஸ்.”

“சோப்பும் ஒரு பெட்டி இருக்கு.”

மார்ச் வரை இப்படியே போயிற்று. மூன்று வகுப்பும் ஏழு சுரம் வாசித்தன. ஏப்ரலில் எஸ்தருக்கு அடுத்த ஆண்டுக்கான பணிக் கடிதம் வந்தது. பகுதிநேர ஆசிரியைக்கு ஆண்டுதோறும் புதுக் கடிதம் உண்டு. கையெழுத்துப் போட்டால் வேலை, போடாவிட்டால் இல்லை. பதினோரு ஆண்டாகப் படிக்காமலே போட்டிருந்தார். இந்த முறை படித்தார். கடைசியில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. ‘இசைக் கருவிகளைப் பிரிவு வாரியாகத் தனித்தனியே பராமரிக்க ஒப்புக்கொள்கிறேன்.’

கடிதத்தோடு தாளாளர் அறைக்குப் போனார்.

“பிரிவு வாரியான்னா, ஏ தனி, பி தனியா சார்?”

“நான் என்ன சொல்றேன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் சார். அதையே எழுதிக் குடுங்க. ‘தமிழ் வழிப் பிள்ளைகளுக்குத் தனி’ன்னு. இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

வேதாந்தம் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். திரும்ப மூடினார்.

“அதை எப்படி எழுதறது எஸ்தர்?”

“சொல்ல முடியுது. எழுத முடியலையா சார்?”

முடியாது. அரசிடம் சம்பளம் வாங்கும் பள்ளியின் தாளாளர் அப்படி ஒரு வரியின் கீழே தன் பெயரை எழுதினால், அந்தத் தாள் யார் யார் மேசைக்குப் போகும் என்று முப்பது ஆண்டு வங்கியில் இருந்தவருக்குத் தெரியும். நம் ஊரில் இந்த அநியாயம் பெரும்பாலும் வாயால்தான் நடக்கிறது. ‘அது வேற’, ‘உங்களுக்கே தெரியும்’, ‘மனசு ஒத்துக்கலை’. காகிதத்தைக் கண்டால் அது நடுங்குகிறது.

எஸ்தர் கையெழுத்துப் போடவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது இசை வகுப்பு இல்லை, மூன்று வகுப்புக்குமே இல்லை. ஐம்பது ரெக்கார்டர்களும் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. எஸ்தருக்கு இப்போது தி.நகர் கீபோர்டு வகுப்பு மட்டும்தான். திங்கட்கிழமைகளில் வீட்டில் இருப்பது பழகவில்லை என்கிறார். அந்த வரியை எடுத்தால் அடுத்த நாளே போவேன் என்கிறார். எடுக்காவிட்டால் போவதில்லை என்கிறார். இதில் அவருக்குக் குழப்பம் எதுவும் இல்லை.

தேசம்மா சும்மா இருக்கவில்லை. பின்கட்டடத்து அம்மாக்கள் ஒன்பது பேரைத் திரட்டி, எஸ்தரைத் திரும்ப வைக்கச் சொல்லி மனு கொடுத்தார். “அவங்க இருபத்தேழு பேரு, நாங்க பத்து. எண்ணிக்கை பத்தலைன்னு தாளாளர் சார் சொல்றாரு. அவங்க பக்கம் பேரு கொறைஞ்சா பார்க்கலாம்னு சொல்றாரு” என்று எஸ்தருக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார்.

வேதாந்தம் அதைத் தட்டிக்கழிக்கத்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஜூலை இரண்டாம் வாரம் ‘ஏ’ பிரிவுப் பெற்றோரின் வாட்ஸப் குழுவில் நந்தகுமாரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘ஜனவரி மனுவிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி பள்ளிக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன்.’ காரணம் எதுவும் எழுதவில்லை. பிறகு ஒருவர், ‘நான் அதை அன்று முழுதாகப் படிக்கவில்லை, என் பெயரையும் எடுங்கள்’ என்று எழுதினார். அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர்.

கோமளத்தின் பெயர் இருக்கிறது. மொத்தம் இருபத்து மூன்று பேர் இருக்கிறார்கள். நிர்வாகக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. அந்த ஒரு வரி இருக்குமா, போகுமா என்பது இப்போது இந்த எண்ணிக்கையைப் பொறுத்திருக்கிறது. தலைகளின் எண்ணிக்கையைக் கோலாக வைத்து நீதியை அளக்கும் கூத்து இது. ஆனாலும் அளக்கிற கோல் அதுதான் என்றால், அதையாவது குறைக்க முடியும்.

இருபத்து மூன்று பேரும் கெட்டவர்கள் அல்ல. அவர்களில் பலர் அந்த மனுவைப் படிக்கவே இல்லை. காலை அவசரத்தில், குக்கர் விசிலுக்கும் பிள்ளையின் டைக்கும் நடுவில், ‘சுகாதாரம்’ என்ற சொல்லைப் பார்த்துக் கட்டைவிரலை அழுத்தியவர்கள். அநியாயத்துக்கு அது போதும். அதற்கு நம்முடைய வெறுப்பு தேவையில்லை, நம்முடைய அவசரம் கிடைத்தாலே ஒரு வகுப்பறையை மூடிவிடும்.

உங்கள் கைப்பேசியிலும் இப்படி ஒரு குழு இருக்கும். பள்ளிக் குழு, குடியிருப்போர் குழு, ஏதோ ஒன்று. இன்று பத்து நிமிடம் ஒதுக்கி, கடந்த ஆண்டு நீங்கள் எதற்கெல்லாம் கட்டைவிரல் காட்டினீர்கள் என்று பின்னோக்கிப் படியுங்கள். யாரையாவது தள்ளி வைக்கும் வரி ஒன்று அதில் இருந்தால், உங்கள் பெயரை எடுத்துவிட்டதாக எல்லாரும் பார்க்க அதே குழுவில் எழுதுங்கள். நாளைக் காலை பிள்ளையைப் பள்ளியில் விடும்போது உள்ளே போய், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாட்டு வகுப்பா என்று கேளுங்கள். இல்லை என்றால் காரணம் கேளுங்கள். காரணத்தை வாயால் சொன்னால், எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.